மூடாத அலகு

பறவைகளும் மனிதர்களும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. கண்மாய்க்குத் தண்ணீர் எடுக்கப் போகிறவள் முக்குளிப்பானிடம், "இன்னைக்குக் கெண்டை எந்தப் பக்கம்?" என்று கேட்பாள். அது முங்கி எழுந்து வந்து பதில் சொல்லும். மழை முடிகிற சமயத்தில் வடக்கேயிருந்து வந்து இறங்கும் உள்ளான்கள், தாங்கள் கடந்துவந்த மலைகளைப் பற்றியும் பனியைப் பற்றியும் கதை கதையாகச் சொல்லும். கொக்கு மட்டும் அப்போதும் அதிகம் பேசாது.

நத்தை தின்று வாழ்கிற நாரை அந்நாளில் ஆள் உயரம் இருந்தது. அதன் அலகின் இரண்டு பாதிகளும் நடுவில் ஒரு முடி நுழையக்கூட இடமில்லாமல் பொருந்தி மூடும். நத்தையைக் கவ்வி ஒரே அழுத்து அழுத்தினால் ஓடு நொறுங்கிவிடும்.

நெடுமடைக் கண்மாயின் கரையோரத்தில் சடைச்சி என்று ஒருத்தி இருந்தாள். கோரை அறுத்துப் பாய் முடைகிறவள். அவள் புருஷன் முத்திருளன் அதே கண்மாயில் வலை போட்டு மீன் பிடித்தான். ஐப்பசியில் மழை விடாமல் கொட்டி, கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்த அன்று, போட்ட வலையை எடுத்து வருகிறேன் என்று போனவன் திரும்பவில்லை. வலை கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை. ஊரார் ஒன்பது நாள் தேடிவிட்டுக் கையை விரித்தார்கள்.

வீட்டில் சடைச்சியும் முத்திருளனின் தங்கை செம்பாயியும் மிஞ்சினார்கள். செம்பாயி சிறு பிள்ளையாக இருந்தபோதே தாய் தகப்பன் போய்விட்டார்கள். அண்ணன் தோளில் வளர்ந்தவள், அண்ணனுக்குக் கல்யாணமானபின் மதினியின் கையால் தலை வாரிக்கொண்டவள். இப்போது இருவரும் ஒரே பாயின் இரண்டு முனைகளில் உட்கார்ந்து முடைந்தார்கள். பேச்சு அதிகம் இல்லை. பேசினால் அவன் பெயர் வந்துவிடும் என்று இருவருக்குமே பயம்.

தை மாதம் பாதி போன ஒரு நாள் உச்சிப்பொழுதில் சடைச்சி கணுக்கால் தண்ணீரில் நின்று கோரை அறுத்துக்கொண்டிருந்தாள். காற்று இல்லை. வெயில் தண்ணீர்மேல் தகடு போட்டதுபோல் கிடந்தது. பத்தடி தள்ளி ஒரு நத்தைநாரை மேய்ந்துகொண்டிருந்தது. அது அலகைச் சேற்றுக்குள் விட்டு ஒரு நத்தையை எடுத்தது. அழுத்தியது. ஓடு உடைந்தது.

"உலையை இறக்கிட்டியா? பசிக்குது."

முத்திருளனின் குரல். கொஞ்சம் கரகரப்பாக, கடைசிச் சொல்லை இழுத்து, அவன் வாசலில் கால் கழுவிக்கொண்டே கேட்பதுபோலவே இருந்தது.

"இந்தா ஆச்சு," என்றாள் சடைச்சி. சொன்ன பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. கையிலிருந்த அரிவாள் தண்ணீரில் விழுந்தது.

நாரை நத்தையை விழுங்கிவிட்டு அவளைப் பார்த்தது.

"நீயா பேசுன?" என்றாள்.

"நான் பேசல," என்றது நாரை. அதன் சொந்தக் குரல் காய்ந்த கோரை உரசுவதுபோல் இருந்தது. "ஓட்டுக்குள்ள இருந்துச்சு. உடைச்சேன், வந்துச்சு."

"இன்னும் இருக்கா?"

"எந்தத் தண்ணியில போனவங்க பேச்சும் இந்த அடியிலதான் வந்து கிடக்கும். ஒரு நத்தைக்கு ஒரு பேச்சு. எதுக்குள்ள யாருன்னு எனக்குத் தெரியாது. எனக்குப் பசி, அவ்வளவுதான்."

அன்று சடைச்சி கோரைக்கட்டு இல்லாமல் வீட்டுக்குப் போனாள். நடந்ததைச் செம்பாயியிடம் சொன்னாள். செம்பாயி கையிலிருந்த கோரைத் தாளைக் கீழே வைத்தாள். பிறகு கேட்டாள்:

"நீ பதில் சொன்னியே, அது அண்ணனுக்குக் கேட்டுச்சா மதினி?"

"கேக்காது."

"கேக்காதுன்னா அப்புறம் அதுல என்ன இருக்கு? நான் வரல. நீயும் போகாத."

சரி என்று சடைச்சி தலையை ஆட்டினாள். மறுநாள் விடிந்ததும் போய்விட்டாள்.

அவள் மட்டும் போயிருந்தால் கதை வேறுமாதிரி முடிந்திருக்கும். ஆனால் அவள் கோரைக்காரிகளிடம் சொன்னாள், அவர்கள் சந்தையில் சொன்னார்கள். கண்மாய்கள் நிறைந்த சீமை அது. தண்ணீருக்கு ஆள் கொடுக்காத ஊரே கிடையாது. மாசி பிறப்பதற்குள் நெடுமடைக் கரையில் வண்டிகள் வந்து நின்றன. கட்டுச்சோறும் தண்ணீர்க் குடுவையுமாக, குடும்பம் குடும்பமாகப் பறவை பார்க்க வந்தார்கள். நாரை எந்தப் பக்கம் மேயும், எப்போது குனியும், நத்தை அகப்பட்டால் கழுத்தை எப்படி வளைக்கும் என்பதெல்லாம் இரண்டே நாளில் அவர்களுக்குப் பாடமாகிவிட்டது. வெயிலுக்குக் கையைப் புருவத்தில் வைத்துக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் பேசுவதில்லை. நாரை தலையைத் தூக்கும்போது அறுபது எழுபது பேர் ஒரே சமயத்தில் மூச்சை அடக்குவார்கள். ஓடு உடையும். ஒரு குரல் வரும்.

"கதவைச் சாத்திட்டு வா."

"எங்கம்மா!" என்று யாரோ ஒருத்தி கத்துவாள். மற்றவர்கள் அவளைப் பொறாமையோடு பார்ப்பார்கள்.

வந்த பேச்செல்லாம் இப்படித்தான். மாட்டை அவிழ்க்கச் சொல்வது, பிள்ளையை அதட்டுவது, உப்புக் குறைவு என்பது. ஆனால் அதற்காகவே அறுவடையை விட்டுவிட்டு வந்தார்கள். முதல் நாள் கரையில் நின்றார்கள். குரல் சரியாகக் கேட்கவில்லை என்று மறுநாள் கணுக்கால்வரை இறங்கினார்கள். அதற்கடுத்த நாள் முழங்கால். எவரும் யாரையும் இறங்கச் சொல்லவில்லை. அண்ணாந்து நாரையைப் பார்த்துக்கொண்டே இருந்ததால் தண்ணீர் எங்கே வந்திருக்கிறது என்று எவரும் குனிந்து பார்க்கவில்லை.

சடைச்சிக்குப் பக்கத்தில் நாள்தோறும் வந்து நிற்பவன் ஓலையூர்க் குயவன் வைரவன். ஆற்று வெள்ளத்தில் மனைவியைக் கொடுத்தவன். ஒரு நாள் பிற்பகலில் சடைச்சி திரும்பிப் பார்த்தபோது அவன் மார்பளவு தண்ணீரில் முன்னே போய்க்கொண்டிருந்தான். முகம் சிரித்தபடி இருந்தது. அவள் மறுபடி பார்த்தபோது அவன் தலைப்பாகைத் துணி மட்டும் மிதந்தது. அலை இல்லை, குமிழி இல்லை. ஒருவரும் கத்தவில்லை. அந்நேரம் நாரை இன்னொரு நத்தையை எடுத்திருந்தது, எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சடைச்சியும் அதைத்தான் பார்த்தாள்.

மறுநாள் நாரையின் அலகிலிருந்து வைரவனின் குரல் வந்தது.

"நல்லா இருக்கு. குளிரவே இல்ல."

கூட்டத்தில் சிலர் மெதுவாகச் சிரித்தார்கள். "கேட்டியா, குளிரலையாம்," என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் ஆறுதலாகச் சொன்னாள்.

அதே வாரம் உள்ளான்கள் கிளம்பின. அவை பங்குனி முடிந்துதான் வடக்கே திரும்புவது வழக்கம். கரையோரமாக ஓடிக்கொண்டிருந்த ஒன்றைச் சடைச்சி நிறுத்திக் கேட்டாள்.

"என்ன அவசரம்? இன்னும் வெயிலே ஏறலையே?"

"இங்க மேய முடியல," என்றது உள்ளான். அது நிற்கவில்லை, ஓடிக்கொண்டே பேசியது. "சேத்துக்குள்ள அலகை விட்டா, உள்ள இருந்து ஏதோ பிடிச்சு இழுக்குது. நீயும் போயிரு."

அது போன திசையைப் பார்த்துக்கொண்டு சடைச்சி நின்றாள். அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு ஓடு உடைந்தது.

"மதினி, கையைக் குடு!"

அது முத்திருளன் குரல் அல்ல. செத்தவர்கள் யாருடைய குரலும் அல்ல. அது செம்பாயி.

சேலையை வாரிச் சுருட்டிக்கொண்டு சடைச்சி ஓடினாள். கரை ஏறி, கருவேலங்காட்டு முள்ளில் கால் கிழிய, வழியில் யார் கூப்பிட்டதும் காதில் விழாமல் ஓடினாள். வீட்டு வாசலில் செம்பாயி கோரையை நனைத்து விரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மதினி? நாய் துரத்துச்சா?"

சடைச்சி அவள் முகத்தைத் தொட்டாள், தோளைத் தொட்டாள், ஈரக் கைகளை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். சூடாகத்தான் இருந்தன.

"இன்னைக்குக் கண்மாய்ப் பக்கம் வந்தியா?"

"நான் எதுக்கு அங்க வாறேன்?"

மாலை சாய்வதற்குள் சடைச்சி திரும்பிப்போய் நாரையிடம் நின்றாள்.

"உசுரோட இருக்கிறவ பேச்சு எப்படி உன் வாயில வந்துச்சு?"

"ஓட்டுக்குள்ள இருந்துச்சு," என்றது நாரை.

"அவ தண்ணியில போகலையே!"

நாரை ஒரு காலை மடக்கிக்கொண்டு யோசித்தது. அதன் கண்ணில் குரோதம் ஒன்றும் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. "நேத்து போனது, நாளைக்குப் போறது எல்லாம் நமக்குத்தான். தண்ணிக்கு எல்லாம் ஒரே நாள்," என்றது.

அன்று இரவு சடைச்சி செம்பாயிக்குச் சோறு போட்டாள். "செம்பாயி, என்ன நடந்தாலும் நீ கண்மாயில இறங்கக் கூடாது," என்றாள். ஏன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சொன்னால் பலித்துவிடும் என்று தோன்றியது.

"நீ போகாம இரு. நீ அங்க இல்லாட்டி எனக்கு அங்க என்ன வேலை?" என்றாள் செம்பாயி.

மூன்று நாட்கள் சடைச்சி வாசற்படியைத் தாண்டவில்லை. பாய் முடைந்தாள். விரல்கள் தானாக ஓடின, காதுகள் மட்டும் கண்மாய்ப் பக்கமே இருந்தன. செம்பாயி நிம்மதியாக வேலை பார்த்தாள். ஒரு தடவை ஏதோ பாட்டைக்கூட முணுமுணுத்தாள்.

நான்காம் நாள் பிற்பகலில் ஒரு கோரைக்காரி மூச்சு வாங்க ஓடிவந்து வேலிக்கு வெளியே நின்றாள்.

"சடைச்சி! ஒம் புருஷன் ஒம் பேரைச் சொல்லுறான்!"

இத்தனை நாட்களில் முத்திருளனின் குரல் எத்தனையோ தடவை வந்திருக்கிறது. வலை, உலை, மழை என்று என்னென்னவோ சொல்லியிருக்கிறது. அவள் பெயரை மட்டும் ஒருமுறையும் சொன்னதில்லை. சடைச்சி எழுந்தாள். கோரைத் தாள்கள் மடியிலிருந்து உதிர்ந்தன. செம்பாயி பிடிப்பதற்குள் அவள் போய்விட்டாள்.

அன்று கண்மாயில் நின்றவர்களில் பாதிப்பேருக்கு இடுப்புக்குமேல் தண்ணீர். கைக்குழந்தையைத் தோளில் தூக்கிப் பிடித்தபடி ஒருத்தி நின்றாள். எல்லார் முகங்களும் ஒரே பக்கம் திரும்பியிருந்தன. நடுக் கண்மாயில் நீருக்கடியில் ஒரு பழைய மண்மேடு உண்டு. நாரை அதன்மேல் நின்றது. அதன் கால் பாதிதான் நனைந்திருந்தது.

சடைச்சி இறங்கினாள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது.

நாரை குனிந்தது. ஓடு உடைந்தது.

"சடைச்சி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு," என்றாள் அவள். "சொல்லு, வந்துட்டேன்." இடுப்பளவு, மார்பளவு. மேட்டை அணுகும் இடத்தில் அடிச்சேறு ஆழம். அவள் கால் புதைந்து எழுந்தது, மறுபடி புதைந்தது. நாரை அவளுக்குக் கையெட்டும் தூரத்தில் நின்றது. அது மீண்டும் தலையைத் தண்ணீருக்குள் விட்டது. வெளியே வந்தபோது அலகில் ஒரு பெரிய நத்தை இருந்தது. அதுவரை அவள் பார்த்திராத அளவு பெரியது, கறுத்தது.

அதற்குள்தான் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. அவன் சொல்ல வந்தது.

"மதினி!"

பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். அவள் திரும்பவில்லை. தண்ணீர் அடிபடும் சத்தம் கேட்டது. யாரோ மூச்சிரைத்தார்கள்.

"மதினி, கையைக் குடு!"

சடைச்சி நாரையைப் பார்த்தாள். நாரைதான் பேசுகிறது என்று நினைத்தாள். ஆனால் நாரையின் அலகில் உடையாத நத்தை இருந்தது. அது பேசவில்லை.

அவள் திரும்பினாள். செம்பாயியின் முகமும் ஒரு கையும் மட்டும் தண்ணீருக்கு வெளியே இருந்தன. சேறு அவளைத் தொடைவரை வாங்கியிருந்தது. சடைச்சி வலது கையை நீட்டி அந்தக் கையைப் பிடித்தாள். பிடித்த மறுகணமே, சேற்றுக்கு அடியில் பல கைகள் சேர்ந்து இழுப்பதுபோல் செம்பாயி கீழே போனாள். சடைச்சியும் கூடவே சரிந்தாள்.

அந்தச் சமயத்தில் நாரை அலகை அழுத்தியது. ஓட்டில் விரிசல் விழுந்தது.

"நான்..." என்றது முத்திருளனின் குரல்.

சடைச்சியின் பிடி தளர்ந்தது. அவள் தளர்த்தவில்லை, விரல்கள் தாமாகத் தளர்ந்தன. அந்தக் குரல் வந்துகொண்டிருக்கும்வரை தன் கை தன் கையாக இருக்காது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. இடது கையை வீசி நாரையின் அலகுக்குள் திணித்தாள். கட்டைவிரல் இரண்டு பாதிகளுக்கும் நடுவில் போய்ச் சிக்கியது. நத்தை நழுவித் தண்ணீரில் விழுந்து மூழ்கியது.

நாரை மிரண்டு கடித்தது. எலும்பு நெரிந்தது. அவள் விடவில்லை. நாரை சிறகை விரித்து அடித்தது, மேட்டின்மேல் காலை ஊன்றிப் பின்னோக்கி இழுத்தது. ஒரு பக்கம் சேறு, ஒரு பக்கம் நாரை, நடுவில் இரண்டு பெண்களின் பாரம் முழுவதும் அந்த அலகில் தொங்கியது. அலகு ஒடியவில்லை. மூங்கில் வளைவதுபோல் மேல்பாதி மேலேயும் கீழ்ப்பாதி கீழேயும் மெல்ல வளைந்தது. நாரை ஒவ்வொரு அடியாகப் பின்வாங்கியது. சடைச்சியின் முழங்கால் மேட்டைத் தொட்டது. அவள் வலது கையை இழுத்தாள். சேறு ஒரு பெரிய சத்தத்தோடு செம்பாயியை விட்டது.

இருவரும் மேட்டின்மேல் கிடந்தார்கள். செம்பாயி தண்ணீரைக் கக்கிக்கக்கி இருமினாள். சடைச்சி கட்டைவிரலை அலகிலிருந்து உருவினாள்.

நாரை அலகை மூடியது. நுனி தொட்டது, அடி தொட்டது. நடுவில் தொடவில்லை. அந்த இடைவெளி வழியாகச் சடைச்சி மேற்கே இறங்கிக்கொண்டிருந்த சூரியனைப் பார்த்தாள்.

நாரை கத்துவதற்கு வாயைத் திறந்தது. காற்று மட்டும் வந்தது. மறுபடி முயன்றது. பாதி அலகு பாதி அலகோடு மோதி, 'டக டக டக' என்று ஒரு சத்தம்.

கண்மாய் முழுவதும் அமைதியாக இருந்தது. பிறகு எங்கோ ஒரு பெண்ணின் குரல் கேட்டது: "ஐயோ, தண்ணி குளிருதே!"

அப்போதுதான் எல்லாருக்கும் குளிர்ந்தது. குனிந்து பார்த்தார்கள். கைக்குழந்தைக்காரி அலறினாள். ஒருவரை ஒருவர் இழுத்துக்கொண்டு, விழுந்து எழுந்து, அத்தனை பேரும் கரைக்கு ஓடினார்கள். மீனவர்கள் இருவர் கயிறு வீசி மேட்டிலிருந்த பெண்களைக் கரை சேர்த்தார்கள். கரையில் எண்ணிப் பார்த்தபோது வைரவன் போக, வந்தவர்களில் இன்னும் நான்கு பேர் குறைந்திருந்தார்கள். எந்த நாளில் போனார்கள் என்று சொல்ல ஆள் இல்லை.

சடைச்சியின் கட்டைவிரல் கோணலாகவே கூடியது. கோரை அறுக்க முடியாமல், முடைகிற வேலையை மட்டும் பார்த்தாள். சித்திரையில் ஒரு நாள் செம்பாயி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அண்ணன் என்ன சொல்ல வந்தான் மதினி?"

"தெரியல."

"கேட்டிருக்கணும்னு தோணுதா?"

"தோணுது," என்றாள் சடைச்சி. "தெனமும் தோணுது. நீ அந்தப் பக்கத்துத் தாளை இறுக்கிப் பிடி."

நாரை பல நாள் பட்டினி கிடந்தது. வளைந்த அலகில் ஓட்டை உடைக்கும் வலு இல்லை. பிறகு தானாக ஒரு வழி கண்டுகொண்டது. அலகின் நுனியை நத்தையின் மூடிக்கு அடியில் செருகி, சதையை மட்டும் அறுத்து உருவியது. ஓடு உடையாமல் சேற்றில் விழுந்தது, உள்ளே இருந்த பேச்சு உள்ளேயே தங்கியது. அதன் குஞ்சுகளும், குஞ்சுகளின் குஞ்சுகளும் அதே வளைந்த அலகோடு வளர்ந்தன, ஆனால் ஆள் உயரம் எட்டவில்லை. மற்றப் பறவைகளும் மனிதர்களோடு பேசுவதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, ஒரு காலத்தில் நிறுத்திவிட்டன. உள்ளான்கள் அடுத்த மழைக்குத் திரும்பி வந்தன, ஆனால் ஓரிடத்தில் நிலைத்து நிற்காமல் ஓடி ஓடியே மேய்ந்தன.

மனிதர்களும் திரும்பி வந்தார்கள். இனி ஒரு குரலும் வராது என்று தெரிந்தும், மழை முடிந்த காலத்தில் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வந்து, கையைப் புருவத்தில் வைத்துக்கொண்டு நாரைகளைப் பார்த்தார்கள். கரையைவிட்டு ஓர் அடிகூட இறங்கவில்லை. ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்த முழு ஓடுகளைக் குழந்தைகள் எடுத்துக் காதில் வைக்கப் போனால், பெரியவர்கள் ஒன்றும் சொல்லாமல் வாங்கித் தண்ணீரில் எறிந்தார்கள்.

அந்த மாசி மாதத்துப் பிற்பகலிலிருந்துதான் நத்தை குத்தி நாரையின் அலகு நடுவில் ஒரு கட்டைவிரல் அளவுக்கு மூடாமல் இருக்கிறது, பறவை பார்க்கப் போகிறவர்களும் கரையிலேயே நின்று வாய் திறக்காமல் பார்க்கிறார்கள்.